கழிநீரும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எமக்குமுன் பேசிய அன்பர்கள் கல்வி நிதியைப் பற்றியும் திருமண மண்டபத்தைப் பற்றியும் விரிவாகக் கூறினர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் சாக்கடை. இது சபைக்கு ஏலாத பொருளென்று சிலர் எண்ணக்கூடும். அங்கணம் என்னும் சொல்லைத் திருவள்ளுவர் தம் நூலிலே ஆண்டிருக்கின்றார். கீழடி அகழாய்விலே சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டன. நம் முன்னோர் ஒதுக்காத பொருளை நாம் ஒதுக்குவானேன்?

முன்னாளில் கிணற்றினின்று இறைத்த நீர் அளவாகச் செலவாயிற்று; கழிநீர் கொல்லையிலே வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தது. இன்று நிலைமை வேறு. 2019 ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின்படி, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் குழாய் வழியே வீட்டிற்கு வருதல் வேண்டும். ஐவர் வாழும் இல்லத்திற்கு 275 லிட்டர்; அத்தகைய 200 இல்லங்களுள்ள ஊருக்கு 55,000 லிட்டர். அதிற் பெரும்பகுதி அழுக்கு நீராகி வெளியேறத்தானே வேண்டும்? நீர் வரும் வழிக்குத் திறப்பு விழா நடத்துகின்றோம். அது போகும் வழியை நினைப்பாரில்லை.

அந்நீர் பள்ளத்தை நோக்கிச் செல்கின்றது. பள்ளத்தில் யார் வாழ்கின்றனர் என்பதை இச்சபையோர் நன்கறிவர். நம் தெருக்கள் மேட்டிலே அமைந்தன. நம் வயல்களில் உழைக்கும் ஏழை மக்களின் குடியிருப்பு தாழ்விலே அமைந்தது. நம் வீட்டுக் கழிநீர் அவர்தம் வாயிலிலே தேங்கிக் கொசுவை வளர்க்கின்றது. நம் குலம் உயர்ந்ததென்று மேடைதோறும் முழங்குகின்றோம். அயலார் வாயிலில் அழுக்கை விடுவது எவ்வகை உயர்வு?

இதற்குப் பரிகாரம் அரிதன்று. அடுக்களை நீருக்கும் குளியல் நீருக்கும் உறிஞ்சுகுழி போதும். நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராகக் குழி தோண்டி, அடியிற் பெருங்கல்லும், அதன்மேற் சிறுகல்லும், மேலே சரளையும் இடுதல் வேண்டும். குழியை அடையுமுன் மண்ணும் எண்ணெய்ப் பசையும் தங்குதற்கு ஒரு சிறு தொட்டி வேண்டும். கிணற்றினின்று பத்து மீட்டராவது விலகியிருத்தல் நலம். களிமண் நிலத்திலும், நீர்மட்டம் உயர்ந்த நிலத்திலும் இம்முறை பயன்படாது.

மலநீருக்கு ஏற்றது இரட்டைக் குழிக் கழிப்பறை. ஒரு குழி நிரம்பியபின் அதனை மூடி, மற்றதற்குத் திருப்பிவிட்டால், இரண்டாண்டில் மூடிய குழியிலுள்ளது நாற்றமற்ற எருவாகும். வீட்டுக்காரரே எடுத்து வயலில் இடலாம். நம்மவருட் பலர் இதனைத் தீட்டென்று வெறுத்துப் பெருந்தொட்டி கட்டுகின்றனர். அது நிரம்பிய காலத்து, நச்சுக்காற்று நிறைந்த அதனுள் யாரோ பெற்ற மகனொருவனை இறக்குகின்றனர். பாதுகாப்பின்றி மனிதரை அவ்வாறு இறக்குவதை 2013 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமென்று தடுத்தது. ஆயினும் உயிர்கள் மாய்வது நின்றபாடில்லை. எருவைத் தொடுதல் தீட்டெனின், ஓர் உயிரைப் பலியிடுதல் யாதாகும்?

ஊர் முழுவதும் கூடினாற் செய்யத்தக்கது மற்றொன்று. பஞ்சாபிலே காளி பேய்ன் என்பது குரு நானக்கின் நினைவோடு இணைந்த ஆறு. ஊர்களின் கழிநீர் கலந்து அது கெட்டுக் கிடந்தது. 2000 ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் சீக்கியத் துறவியார் தொண்டர்களைத் திரட்டி, அதனைத் தூய்மை செய்யத் தொடங்கினார். ஊர்க் கழிநீரைக் கிணறு போன்ற தொட்டிகளில் தெளியவிட்டு, குளத்தில் வெயில்படத் தேக்கி, வயலுக்குப் பாய்ச்சும் முறையைப் பரப்பினார். வெயிலும் பாசியும் நுண்ணுயிரும் கூலியின்றி வேலை செய்கின்றன. ஆற்றைக் கெடுத்த நீர் பயிரை வளர்க்கின்றது.

ஆதலின் சங்கத்தார்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. உறுப்பினர் ஒவ்வொருவரும் இவ்வாண்டிற்குள் தம் இல்லத்தில் உறிஞ்சுகுழி அமைத்தல் வேண்டும். தொட்டியுடையோர் ஆளை இறக்காது உறிஞ்சு வண்டியையே அழைத்து, அவ்வண்டி ஏரியிற் கொட்டாது சுத்திகரிப்பு நிலையஞ் செல்வதை உறுதி செய்தல் வேண்டும். மண்டபத்தின் முகப்பு வளைவுக்கென ஒதுக்கிய தொகையை, எல்லாத் தெருவாரும் கலந்த ஒரு குழுவின்வழி ஊர்ப்பொது வடிகாலுக்கும் தெளிகுளத்திற்கும் அளித்தல் வேண்டும். வளைவு ஓராண்டு பொறுக்கும். பள்ளத்துத் தெருக் குழந்தைகள் பொறார்.

இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு பெரியோர்களை வேண்டிக்கொண்டு, எம் உரையை முடிக்கின்றோம்.