பிற நாட்டின் பெயர் வசைச்சொல்லா?

(மைசூரு ராமாபுரத்தில் நடைபெற்ற கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



2016 மே மாதம், சட்டமன்றத் தேர்தலையொட்டித் திருவனந்தபுரத்தில் பேசிய பிரதமர் மோடி, கேரளப் பழங்குடியினரிடையே சிசு மரண விகிதம் சோமாலியாவைவிட மோசம் என்றார். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஆயிரம் பிறப்புகளுக்குக் கேரளத்தில் இறந்த சிசுக்கள் 12; அகில இந்திய அளவில் 39; அவர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் முதலமைச்சராக இருந்த குஜராத்தில் 35.

கேரளம் கொதித்தெழுந்தது. அந்தச் சினம் நியாயமானது. ஆயினும், “எங்களைப் போய்ச் சோமாலியாவோடு ஒப்பிடுவதா?” என்று கேட்டோர் பலர். பிரதமர் வசைச்சொல்லாக வீசிய ஒரு நாட்டின் பெயரை அவர்களும் வசைச்சொல்லாகவே ஏற்றுக்கொண்டனர்.

சோமாலியா எது? பிரிட்டனும் இத்தாலியும் பங்குபோட்டு ஆண்ட மண். பனிப்போர்க் காலத்தில் அன்னிய ஆயுதங்கள் அங்கே குவிந்தன. 1991இல் அரசு வீழ்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. 2010 இறுதி முதல் 2012 வரையிலான பஞ்சத்தில் ஏறத்தாழ 2,60,000 பேர் மாண்டனர். அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இத்துயரம் இன்னொரு நாட்டின் தேர்தல் மேடைக்கு உவமையாகிவிட்டது. காரணங்கள் மறைந்து பெயர் மட்டும் எஞ்சியது.

“நாங்கள் சோமாலியா அல்ல” என்பது அட்டப்பாடிக்குப் பதிலும் ஆகாது. 2013இல் அங்கே ஊட்டச்சத்தின்றிப் பழங்குடிக் குழந்தைகள் மாண்டது உண்மை. பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975இல் இயற்றிய சட்டம் செயலுக்கு வரவில்லை. 1999இல் வந்த புதிய சட்டம் அந்த உரிமையைச் சுருக்கியது. அப்போது ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி. இதை ஒப்புக்கொள்ளத் தயங்கினால், பிரதமரின் பேச்சை மறுக்கும் தகுதி நமக்குக் குறைந்துவிடும்.

அயல்நாட்டின் பெயரை வசையாக்குவது மேடையோடு நிற்பதில்லை. கர்நாடகமே அதற்குச் சாட்சி. பாஜக தலைவர் அமித் ஷா 2018இல் வங்கதேசத்திலிருந்து ஊடுருவியோரைக் ‘கரையான்’ என்றார். 2020 ஜனவரியில், பெங்களூரு கரியம்மன அக்ரகாரத்தில், வங்கதேசத்தவர் என்று குற்றஞ்சாட்டித் தொழிலாளர் குடிசைகளை இடித்துத் தள்ளினர். அங்கே குடியிருந்தோரில் வட கர்நாடகத்தாரும் இருந்தனர். அசாம், திரிபுராவிலிருந்து பிழைக்க வந்தோரும் இருந்தனர். இழிவாக உச்சரிக்கப்படும் அந்த வங்கதேசமோ, சிசு மரணத்தைக் குறைப்பதில் இந்தியாவை முந்திச் சென்ற நாடு.

“அவர்கள் வங்கதேசத்தவர் அல்லர், இந்தியரே” என்று வாதிட்டது தேவையான வாதம். ஆனால் அதோடு நிறுத்தினால், வங்கதேசத்தவராயின் இடிக்கலாம் என்று பொருளாகிவிடும்.

எனவே தோழர்களே, இத்தகைய பேச்சு எழும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே எழுப்ப வேண்டும்: அந்த நாட்டு மக்களை அந்நிலைக்கு ஆளாக்கியது எது? இங்குள்ள எந்த உண்மையை மறைக்க அந்தப் பெயர் இழுக்கப்படுகிறது? சோமாலியத் தாயின் துயரும் அட்டப்பாடித் தாயின் துயரும் ஒன்றையொன்று இழிவுபடுத்துவன அல்ல. அதை உணர்வதே பாட்டாளி வர்க்க சர்வதேசியத்தின் முதல் பாடம்.