ஏ.சி.க்குக் கடன் கேட்கும்போது வயரிங்குக்கும் சேர்த்துக் கேளுங்க!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம குழுக்களில் உள்கடன் கேட்கும் காரணங்கள் மாறிக்கிட்டே வருது. முன்பு மருத்துவம், பிள்ளைங்க படிப்பு, ஓவர்லாக் மிஷின் என்று கேட்டோம். இப்போ கோடை வந்தால் ஏ.சி.யும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இதை ஆடம்பரம் என்று யாரும் பேச வேண்டாம். பகலெல்லாம் கம்பெனியில் நின்று செக்கிங் பார்த்துவிட்டு, ஷீட் போட்ட லைன் வீட்டில் ராத்திரியும் தூங்க முடியாவிட்டால் மறுநாள் உடம்பு எப்படித் தாங்கும்? வாங்குங்க. ஆனால் கடன் மனுவில் ஏ.சி. விலையை மட்டும் எழுதாதீங்க. வயரிங் செலவையும் சேர்த்து எழுதுங்க. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

காரணம் என்னவென்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண ஃபேன் சுமார் 75 வாட். 1.5 டன் ஏ.சி. முழுதாக ஓடும்போது சுமார் 1,500 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதாவது ஒரே வயரில் இருபது ஃபேன் ஓடுவது போல! 230 வோல்ட்டில் அது ஏறக்குறைய 7 ஆம்பியர். நம்ம சுவிட்ச் போர்டில் உள்ள சின்ன பிளக்கோ 5, 6 ஆம்பியருக்கானது. லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுத்த மெல்லிய வயரில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால், சூடு இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்காகும். அந்தச் சூடு சுவருக்குள் இருக்கும் பைப்பில் ஏறுவதால் கண்ணுக்குத் தெரியாது. நம்ம வீடுகளில் சுவரோரம் பனியன் வேஸ்ட்டும் பீஸ் மூட்டையும் இருக்கும். ஒரு பொறி போதுமே!

சரி, எப்படி அமைக்க வேண்டும்? வயர்மேனிடம் இந்த ஐந்தையும் கேளுங்க.

1. மெயின் போர்டிலிருந்து ஏ.சி.க்கு மட்டும் தனி லைன். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ, ஒட்டுப் போட்ட வயரோ கூடாது. 1.5 டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் போடுவது வழக்கம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று நீங்களே பாருங்க.

2. அந்த லைனுக்குத் தனி எம்.சி.பி. இது வயருக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகுதே என்று பெரியதாக மாற்றச் சொல்லாதீங்க. அது விழுவது நமக்குச் செய்யும் எச்சரிக்கை.

3. பிளக் இல்லாமல் வயரை நேரடியாக இணைத்தால், கைக்கெட்டும் இடத்தில் டபுள் போல் சுவிட்ச் வேண்டும். அது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும். சர்வீஸ் செய்ய வருகிறவரின் உயிருக்கும் அதுதான் காவல். பிளக் வைத்தால் 16 ஆம்பியர் பெரிய பிளக்தான்.

4. எர்த். மூன்றாவது ஓட்டை இருந்தால் எர்த் இருக்கு என்று அர்த்தமில்லை. பின்னால் வயரே இல்லாத போர்டுகள் நிறைய உண்டு. மீட்டர் வைத்துச் சோதித்துக் காட்டச் சொல்லுங்க. எர்த்துக்குப் பதிலாகத் தண்ணிக் குழாயில் கட்டுவதையோ நியூட்ரலில் இணைப்பதையோ ஒத்துக்கொள்ளாதீங்க.

5. ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. நம் உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிக்கும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறைகள் வீடுகளுக்குச் சொல்லும் அளவு 30 மில்லி ஆம்பியர். அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்க. உடனே விழுந்தால் நல்லது. விழாவிட்டால் மாற்ற வேண்டும்.

இந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் மூலம்தான் செய்ய வேண்டும் என்பதும் அதே விதிமுறைகளில் இருக்கிறது. பல்பு மாற்றுவது வேறு, புது லைன் இழுப்பது வேறு. அதோடு, உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளு எவ்வளவு என்று பாருங்க. ஏ.சி.யோடு சேர்த்து அது போதவில்லை என்றால், பிரிவு அலுவலகத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பியுங்க. மீட்டர் பக்கமோ கம்பத்து வயரிலோ பொறி பறந்தால் கிட்டப் போகாமல், மின்னகம் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்க.

"வாடகை வீடுங்க, நாங்க எப்படிச் செலவு பண்றது?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. மெயின் போர்டும் எர்த்தும் வீட்டோடு நிற்பவை. அதை வீட்டுக்காரர்தான் செய்து தர வேண்டும் என்று கேளுங்க. ஒருத்தர் போய்க் கேட்டால் "வேற வீடு பாத்துக்கோ" என்பார். ஒரே லைனில் குடியிருக்கும் ஆறு பேரும் சேர்ந்து போனால் உட்கார வைத்துப் பேசுவார். குழுவாக நாம் கற்றுக்கொண்டது இதைத்தானே? ஏ.சி.க்கு இழுக்கும் தனி லைன் உங்கள் செலவு. அதை அட்வான்ஸில் கழிக்க முடியுமா என்றும் பேசிப் பாருங்க. எர்த் இல்லாத வீட்டில் ஏ.சி.யை மாட்டாதீங்க. எர்த் போடும் வரைக்கும் ஃபேனோடு சமாளிப்பது மேல்.

ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஏ.சி.க்கான கடன் மனு வந்தால், தீர்மானப் புத்தகத்தில் எழுதும் முன் மூன்று கேள்வி கேளுங்க: தனி லைன் உண்டா? எர்த் உண்டா? ஆர்.சி.சி.பி. உண்டா? இல்லையென்றால் மனுவைத் தள்ளிவிடாமல், அந்தச் செலவையும் சேர்த்துக் கடன் தொகையைக் கூட்டிக் கொடுங்க. தவணை ஓரிரண்டு கூடுமே தவிர, அதனால் யாரும் கெட்டுப்போக மாட்டோம்.