நிழலுக்கு உடல்

திரையில் கண்டு களித்த உருவத்தைக் கையில் ஏந்திப் பார்க்கும் ஆசை பலருக்கும் உண்டு. அவ்வாசையை நிறைவேற்றும் கலையைப் பற்றிச் சில சொற்கள் கூறுவேன்.

1995-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டாய் ஸ்டோரி’, முற்றிலும் கணிப்பொறியால் ஆக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம். அதில் உட்டி என்னும் துணிப்பொம்மை துள்ளி ஓடுகிறது. கடையில் வாங்கிய உட்டியோ, கையை எடுத்தால் துவண்டு விழுகிறது. காரணம் என்ன?

கணிப்பொறியில் அமையும் உருவம் பெரும்பாலும் சிறு சிறு முக்கோணங்களும் நாற்கோணங்களும் இணைந்த மேல்தோலே. அத்தோலுக்குத் தடிப்பு இல்லை. உருவத்துக்கு எடையும் இல்லை. கேமராவின் கண்ணுக்கு எட்டாத பக்கம் திறந்தே கிடக்கலாம். சட்டையும் உடலும் ஒன்றையொன்று ஊடுருவி நிற்கலாம். திரையில் இவை குற்றமாகா, மண்ணிலோ குற்றமாகும்.

திரவப் பிசினைப் புறஊதா ஒளியால் அடுக்கடுக்காக இறுகச் செய்யும் முறைக்கு அமெரிக்கரான சக் ஹல் 1984-இல் காப்புரிமை கோரி, 1986-இல் பெற்றார். அடுக்கொன்று 0.05 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 20 சென்டிமீட்டர் உயரமுள்ள பொம்மைக்கு 4,000 அடுக்குகள் வேண்டும். இவ்வாறு அச்சான முதற்படியிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து, பிசின் வார்த்து, கையால் வண்ணம் தீட்டிப் படிகளை ஆக்குவர்.

அப்படியாயின் சிற்பிக்கு வேலை ஒழிந்ததோ? ஒழியவில்லை. ஒற்றைக் காலில் பாயும் வீரனின் கணுக்கால் மெல்லியதாயின் ஒடிந்துவிடும். தடிப்பாக்கினாலோ பாய்ச்சலின் அழகு குன்றும். எவ்வளவு கூட்டுவது, எங்கே இரும்புக் கம்பியை மறைப்பது என்பதை ஆராய்ந்து தேர்பவன் மனிதனே. அளவை மாற்றாமல் உருவம் நிற்காது. அளவறிந்து மாற்றாவிடில் உருவமே கெடும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1993-இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்துக்காக ஸ்டான் வின்ஸ்டனின் கலைக்கூடத்தார் கையால் வடித்த மாதிரி உருவை ஒளிக்கருவியால் அளந்தே, கணிப்பொறியில் டைரனோசாரஸை அமைத்தனர். கையிலிருந்து பொறிக்குச் சென்ற உருவம் இன்று பொறியிலிருந்து கைக்குத் திரும்புகிறது. இரு கரைகளிலும் நிற்பது மனிதன் கைதான்.

ஆதலின் மாணவர்களே, பொறியைக் கற்பீர்; அதனோடு களிமண்ணைப் பிசையவும் கற்பீர்.