யாரிடம் விலை கேட்பது?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேல்தளத்தின் கதவு, ஜன்னல், அலமாரி வேலைகளை வரும் ஆண்டில் முடிப்பதென்று சற்று முன்னர் தீர்மானம் வாசிக்கப்பட்டது. அதில், "தகுதியுள்ள சில நிறுவனங்களிடம் விலைப்புள்ளி பெறுவது" என்று ஒரு வரி உள்ளது. அந்தச் "சில" என்ற சொல்லைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அந்தச் சிலர் யார், அவர்களைத் தெரிந்தெடுப்பவர் யார், எதைக்கொண்டு தெரிந்தெடுக்கிறார் என்பதைத் தீர்மானம் சொல்லவில்லை.

உறைகளைப் பிரித்து விலைகளை வாசிக்கும் நாளில் நாம் அனைவரும் கூடி நின்று கவனிக்கிறோம். நீதி அங்கேதான் நடக்கிறது என்று எண்ணுகிறோம். உண்மையில் யாருக்கு உறை அனுப்புவது என்று முடிவு செய்த மாலையிலேயே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அன்று பட்டியலில் இடம்பெறாதவர் எவ்வளவு நல்ல பொருளை எவ்வளவு குறைந்த விலைக்குத் தரக்கூடியவராயினும் அவர் குரல் நமக்கு எட்டாது. இடம்பெறக் கூடாதவர் இடம்பெற்றுவிட்டாலோ, குறைந்த விலை என்ற ஒரே காரணத்தால் அவரிடமே பணத்தைக் கொடுக்க நேரிடும்.

நமது வட்டாரத்தில் மரத்திற்குப் பஞ்சமில்லை. செங்கோட்டைச் சாலையில் பிரானூர்ப் பக்கம் சென்றால் அறுவை ஆலைகளின் ஓசையைக் கேட்கலாம். ஆனால் "தேக்கு" என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை தேக்கு! நாட்டுத் தேக்கு, பர்மாத் தேக்கு, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலேறி வரும் தேக்கு எனக் கன அடிக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. ஒரே மரத்திலும் வைரம் பாய்ந்த பகுதி வேறு, வெள்ளை வேறு. ஆனி, ஆடிச் சாரலில் ஈரம் குடித்த பலகையை உலர விடாமல் இழைத்து மாட்டினால், பங்குனி வெயிலில் சட்டம் சுருங்கும், இணைப்பு விலகும், பலகை வெடிக்கும். வர்ணம் பூசிய அன்று இரண்டும் ஒன்றாகவே தோன்றும். சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது அடியில் ஈரம் தட்டுப்பட்ட நிகழ்ச்சியை நீங்கள் அறிவீர்கள். வாங்குபவருக்கு மேற்பரப்பைப் பார்த்தால் போதாது. விலைப்புள்ளி என்பது மேற்பரப்பு மட்டுமே.

இதற்கு நம் மாநிலத்திலேயே பாடமாகக் கொள்ளத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, 1995ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிறது. தென்காசி அரசு மருத்துவமனையில் நம் வீட்டு முதியவர்கள் வாங்கி வரும் சர்க்கரை நோய் மாத்திரையும் இவ்வழியே வருவதுதான். அக்கழகம் இரண்டு உறைகளைக் கேட்கிறது. முதல் உறையில் உரிமம், நல்ல உற்பத்தி முறைக்கான சான்று, அந்த மருந்தைத் தயாரித்து விற்ற அனுபவம், ஆண்டு விற்றுமுதல் ஆகியவற்றிற்கான ஆவணங்கள் இருக்க வேண்டும். இரண்டாம் உறையில் விலை. முதல் உறையைப் பிரித்துப் பார்த்து, தொழிற்சாலையையும் நேரில் பார்வையிட்டு, தேறியவரின் விலை உறையை மட்டுமே பிரிக்கிறார்கள். தேறாதவர் என்ன விலை எழுதியிருந்தார் என்று பார்ப்பதே இல்லை. பார்த்தால் மனம் தடுமாறும் என்பது மனிதரை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடு! அத்துடன் நிற்பதில்லை. வந்து சேர்ந்த மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் இட்டு ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இதை முன்மாதிரியாகக் கொண்டு தத்தம் கழகங்களை அமைத்துக்கொண்டன.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று கேட்பவர்கள் 1986ஆம் ஆண்டை நினைவுகூர வேண்டும். அன்றைய பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனையில் கிளிசரால் கொடுக்கப்பட்ட 14 நோயாளிகள் உயிரிழந்தனர். மருந்தாகக் கொடுக்கத் தகாத, நச்சு கலந்த கிளிசரால் மருத்துவமனைக்குள் வந்துவிட்டிருந்தது. நீதிபதி லென்டின் ஆணையம் அதை விசாரித்தது. 2025ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தை அருந்தி, மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் குழந்தைகள் பலர் இறந்த செய்தியை நாம் கனத்த மனத்துடன் படித்தோம். அது ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்கிய மருந்தன்று. ஆயினும் புட்டியின் முகப்பைப் பார்த்து ஆலையின் நிலையை அறிய முடியாது என்பதற்கு அதுவும் சாட்சி. நம்முடையது ஜன்னல் பலகைதான், உயிர் போகாது. போவது வக்ஃபுப் பணம். பீடி சுற்றியும் வளைகுடாவில் வெயிலில் நின்றும் ஈட்டியதிலிருந்து கொடுக்கப்பட்ட பணம்.

வடிகட்டுவது அவசியம் என்று சொல்லும்போதே, அந்த வடிகட்டியையே அநீதிக்குக் கருவியாக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். வேண்டிய ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு அவருக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல் நிபந்தனை எழுதுவோர் உண்டு. வேறு சிலர் நிபந்தனையை ஊரறிய எழுதிவிட்டுத் தமக்கு வேண்டியவருக்காகத் தளர்த்துகிறார்கள். பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாம் தர உணவகமும் இரண்டு சிற்றுண்டிக் கடைகளும் நடத்த ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள, பதிவு பெற்ற இரண்டாம் தர ஓட்டல் நடத்துபவராக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆனால் அத்தகுதி இல்லாத ஒருவருக்கே உரிமம் கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1979ஆம் ஆண்டு நீதிபதி பகவதி அவர்கள் அளித்த தீர்ப்பு, தான் வகுத்த தகுதிக்கு அரசு நிறுவனமே கட்டுப்பட்டது என்று உறுதியாக உரைத்தது. நிபந்தனையை நம்பித் தமக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிக்கொண்டவர்களுக்குத் தளர்த்தியதால் இழைக்கப்பட்ட அநீதியை அது எடுத்துக்காட்டியது. எனினும், வழக்குத் தொடுத்தவர் காலம் தாழ்த்தி வந்ததால் அந்த உரிமம் ரத்தாகவில்லை. பட்டியலில் நேர்ந்த பிழையைப் பிறகு திருத்துவது எத்துணை அரிது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தமிழ்நாடு ஒளிவுமறைவற்ற ஒப்பந்தப்புள்ளிகள் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2000இல் வந்த விதிகள், முன்தகுதி பார்ப்பதற்கான காரணத்தை எழுத்தில் பதியச் சொல்கின்றன. அது அரசுக் கொள்முதலுக்கான சட்டம். நம்மைப் போன்ற ஜமாஅத்தைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டதன்று. ஆயினும் அமானிதப் பணத்தைக் கையாளும் நாம் அதனினும் தளர்வாக நடப்பதில் என்ன பெருமை?

ஆகவே நிர்வாகக் குழுவிடம் நான் வேண்டுவது: முதலில் நிபந்தனையை எழுதுங்கள்; அதுவரை எந்தக் கடையின் பெயரையும் யாரும் உச்சரிக்க வேண்டாம். பெயர் முதலில் வந்தால் நிபந்தனை பெயருக்குப் பின்னால் நடக்கும். எழுதிய நிபந்தனையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இதற்கு முன் செய்த இரண்டு கட்டடங்களின் முகவரியை ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கி, குழுவில் இருவரும் மரம் அறிந்த ஆசாரி ஒருவரும் நேரில் சென்று அந்த ஜன்னல்களைத் திறந்து மூடிப் பாருங்கள். குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் முளைக்கும் கடையில் சிப்ஸ் வாங்கலாம், தவறில்லை. சாரல் நின்றதும் பூட்டிச் செல்பவரிடம் கதவு வாங்கினால், வெடித்த பலகையை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? எனவே ஆண்டு முழுவதும் ஊரில் காணத்தக்க தொழிலகம் இருக்க வேண்டும் என்பது நியாயமான நிபந்தனையே. கோடிக்கணக்கில் விற்றுமுதல் வேண்டும் என்பது நியாயமன்று. நம் வேலைக்கு அது தேவையில்லை. சொந்தமாகப் பட்டறை வைத்து எழுந்து வரும் இளைஞர்களை அது வாசலிலேயே தடுத்துவிடும்.

"நம்மவர் கடைக்கே கொடுத்தால் என்ன?" என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். பிற சமயச் சகோதரர் நல்ல மரத்தை நேர்மையான விலைக்குத் தருவாராயின் அவரைப் பட்டியலிலிருந்து நீக்க நமக்கு உரிமை இல்லை. நன்கொடை கொடுத்தவர் நல்ல ஜன்னலுக்காகக் கொடுத்தார். குழு உறுப்பினரின் மருமகனோ மைத்துனரோ மரக்கடை வைத்திருந்தால் அவரும் விண்ணப்பிக்கட்டும். அந்த உறுப்பினர் மட்டும் பட்டியல் தயாராகி, விலை முடிவாகும்வரை அந்த அமர்வுகளில் இருந்து எழுந்து செல்லட்டும். அது அவருக்கும் பாதுகாப்பு.

மூன்று விலைப்புள்ளி வாங்கினோம் என்று கணக்கில் காட்டுவதிலும் கவனம் தேவை. நான் முன்பு பணியாற்றிய ஓர் ஊரில் மூன்று லெட்டர்பேடுகளில் மூன்று விலைகள் வந்தன. கையெழுத்து ஒன்றே, எழுத்துப் பிழைகள்கூட ஒன்றே! ஒரே குடும்பத்தின் மூன்று கடைகள் மூவராக மாட்டா.

விண்ணப்பித்தும் பட்டியலில் இடம்பெறாதவருக்கு ஏன் இடமில்லை என்று ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவர் நாளையும் இதே வீதியில் நமக்கு ஸலாமோ வணக்கமோ சொல்லப் போகிறவர். அந்த வரியின் நகலும், பார்வையிட்ட ஜன்னல்களின் குறிப்பும் தீர்மானப் புத்தகத்திலேயே ஒட்டப்படட்டும். அடுத்த ஆண்டு இக்கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, அந்தப் பக்கங்களையும் சேர்த்து வாசிக்குமாறு செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.