எல்லா இன்ஜினுக்கும் எண் 3 என்றால்?

(நம் கிளப் ஹாலில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் என்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார். ரயில் என்று ஆரம்பித்தால் நான் பத்து நிமிடத்தில் நிறுத்த மாட்டேன் என்று என் மனைவி அவரை முன்கூட்டியே எச்சரித்தும் இருக்கிறார். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கிளப் ஹாலின் மூலையில் இருக்கும் மாடல் ரயில் மேசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய முறையில் தண்டவாளத்துக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டினால் ரயில் வேகமாக ஓடும், குறைத்தால் நிற்கும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜினை வைத்தால் இரண்டும் சேர்ந்துதான் கிளம்பும். நம் மேசை அப்படியில்லை. இது டிசிசி முறை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் செய்ததை அடிப்படையாகக் கொண்டு, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரமாக அறிவித்தது. இதில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். கட்டளைகளும் அதே தண்டவாளத்தின் வழியாகவே போகும். இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்ன சர்க்யூட் அதைப் படித்து மோட்டாரை ஓட்டும்.

வங்கியில் பித்தளை டோக்கன் கொடுத்த காலம் உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். கேஷியர் "டோக்கன் 42" என்று கூப்பிட்டால் ஹாலில் உள்ள எல்லோர் காதிலும் விழும். 42 வைத்திருப்பவர் மட்டும் எழுந்து போவார். டிசிசியும் அதேதான். கட்டளை எல்லா இன்ஜினுக்கும் போகிறது, தன் எண்ணைக் கேட்ட இன்ஜின் மட்டும் நகர்கிறது. ஒவ்வொரு கட்டளையின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். டேலி ஆகவில்லை என்றால் டிகோடர் அந்தக் கட்டளையை ஒதுக்கிவிடும். வேலைக் காலம் முழுக்க டே புக் டேலி செய்தவனுக்கு இது பிடிக்காமல் போகுமா?

சரி, இரண்டு பேர் கையில் ஒரே டோக்கன் எண் இருந்தால்?

புது டிகோடர் எதுவானாலும் பாக்டரியிலிருந்து வரும்போது அதன் எண் 3. உங்கள் இன்ஜினும் 3, என் இன்ஜினும் 3. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் சோம்பலில் என் இன்ஜினை 3 ஆகவே விட்டு வைத்திருந்தேன்.

போன கோடை விடுமுறையில் பி பிளாக் பையன் ஒருவன் தன் இன்ஜினைக் கொண்டுவந்தான். பச்சை நிற பிளையிங் ஸ்காட்ஸ்மன், எண் 4472. மறைந்துபோன அவன் தாத்தா லண்டனிலிருந்து வாங்கி வந்தது. நான்தான் அதை வாங்கி, மேசை ஓரத்து சைடிங்கில் நிறுத்தினேன். பிறகு என் இன்ஜினை ஓட்ட 3-ஐ அழுத்தி நாபைத் திருப்பினேன். என் கண் என் ரயில் மேல். "தாத்தா, அது என்னோடது, போகுது!" என்று அவன் கத்தியபோது அது விளிம்பைத் தாண்டிவிட்டது. கீழே டைல்ஸ் தரை. புகைபோக்கி உடைந்தது, முன் சக்கரம் வளைந்தது. அவன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று ராத்திரியே எல்லா எண்ணையும் மாற்றிவிடுவது என்று உட்கார்ந்தேன். அதில் இன்னொரு தப்பு. எண் எழுதுவதற்குத் தனியாக ஒரு துண்டு தண்டவாளம் வேண்டும், மேசையோடு மின் தொடர்பு இல்லாமல். காரணம், அந்த எழுதும் கட்டளையில் முகவரியே கிடையாது. அந்தத் தண்டவாளத்தில் நிற்கும் அத்தனை டிகோடரும் அதை ஏற்றுக்கொள்ளும். நம் பழைய கன்ட்ரோலரில் ஓட்டுவதற்கும் எழுதுவதற்கும் ஒரே வயர். நான் ஒரு இன்ஜினுக்கு 47 என்று எழுதினேன். மேசையில் நின்ற ஏழும் 47 ஆகிவிட்டன! ஏழையும் கீழே இறக்கி ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதி முடிக்க நள்ளிரவு தாண்டியது. இப்போது ஜன்னலோரம் தனித் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் ஒரு நேரத்தில் ஒரு இன்ஜின்தான்.

என்ன எண் வைப்பது? சின்ன முகவரி 1 முதல் 127 வரை. அது சிவி 1 என்ற இடத்தில் பதிவாகும். பெரிய முகவரி 10239 வரை போகும். அதற்கு சிவி 17, 18 என்று இரண்டு இடம். 100 முதல் 127 வரை உள்ள எண்களை ஒவ்வொரு கன்ட்ரோலரும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்ஜின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணையே வைப்பதுதான் நல்லது, பார்த்தவுடன் தெரியும். ஆனால் எல்லா எண்ணும் அடங்காது. நம் ஊர் டபிள்யூஏபி-7 இன்ஜின்களுக்கு ஐந்து இலக்கம், 30 ஆயிரத்துக்கு மேல். கடைசி நான்கு இலக்கத்தை வையுங்கள். அது பூஜ்யத்தில் ஆரம்பித்தால் கடைசி இரண்டு இலக்கம் போதும்.

அந்தப் பையனின் 4472 அப்படியே அடங்கியது. கணக்கு அவனே போட்டான். 4472-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 120. ஈவோடு 192 கூட்டி 209, அது சிவி 17-க்கு. மீதி 120, சிவி 18-க்கு. அப்புறம் சிவி 29-ல் இருந்த 6-உடன் 32 கூட்டி 38. இந்த 32-தான் பெரிய முகவரியைப் பார் என்று டிகோடருக்குச் சொல்வது. இதை விட்டுவிட்டால் இன்ஜின் இன்னும் பழைய 3-க்குத்தான் எழுந்து வரும். புது கன்ட்ரோலர்கள் இந்தக் கணக்கைத் தாமே செய்துவிடும். இருந்தாலும் அவனைக் கையால் போட வைத்தேன், வங்கிப் பழக்கம். புகைபோக்கியை ஒட்டியிருக்கிறேன், கோடு தெரிகிறது. சக்கரத்துக்கு மாற்று கிடைத்து மாட்டியாயிற்று.

எண் மறந்துபோனால் பயப்பட வேண்டாம். தனித் துண்டில் வைத்தால் பெரும்பாலான கன்ட்ரோலர் எண்ணைப் படித்துச் சொல்லும். அதுவும் முடியாவிட்டால், பல டிகோடர்களில் சிவி 8-ல் 8 என்று எழுதினால் பாக்டரி நிலைக்குத் திரும்பி மறுபடி 3 ஆகும். மற்ற செட்டிங்குகளும் அழிந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மேசைக்குப் பக்கத்தில் நீல அட்டை போட்ட லெட்ஜர் ஒன்று தொங்குகிறது. பிளாட் எண், இன்ஜின், முகவரி, தேதி, கையெழுத்து என்று ஐந்து பத்தி. அதில் பதியாத இன்ஜின் மேசை மேல் ஏறாது, என்னுடையது உட்பட. ஒரே எண்ணை இரண்டு பேர் கேட்டால் முதலில் எழுதியவருக்கே. 3-ம் எண்ணுக்கு எதிரே சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன், அது யாருக்கும் கிடையாது. புது இன்ஜின் வாங்கியவர்கள் ஞாயிறு மாலை நாலு மணிக்கு வாருங்கள். ஐந்தே நிமிட வேலை. நான் இல்லாவிட்டால் அந்தப் பி பிளாக் பையனைக் கேளுங்கள், அவன் என்னைவிட வேகமாகச் செய்வான்.