வாய்தா, சம்மன், ஜாமீன்: கோர்ட்டு வார்த்தைகள் சில

(நமது சங்கத்தின் தீர்த்தமலைச் சுற்றுலாவில், மதிய உணவுக்குப் பிறகு, நீதிமன்றச் சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்.)

ராமர் தீர்த்தத்தில் தலையை நனைத்து, படி இறங்கி, புளியோதரையும் தயிர்சாதமும் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த நேரம் பார்த்து கோர்ட்டைப் பற்றிப் பேசச் சொன்ன செயலாளருக்கு உங்கள்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. தூக்கம் வந்தால் தூங்குங்கள். சம்மன் பற்றிச் சொல்லும்போது மட்டும் பக்கத்தில் இருப்பவர் எழுப்பிவிடுங்கள்.

சி பிளாக் அக்கா ஒருவர் கேட்டதால் வந்த பேச்சு இது. அவர் மகள் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறார். அந்த நாட்டு அரசாங்கம், நீதிமன்றம் பற்றியெல்லாம் அதில் கேள்வி உண்டு. "அவளுக்கு அந்த ஊர் வார்த்தையெல்லாம் மனப்பாடம். நம்ம ஊர் கோர்ட்டு வார்த்தை எனக்கு ஒண்ணும் தெரியலையே சார்" என்றார். நியாயமான வருத்தம்தான்.

டி.வி.யில் அமெரிக்கத் தொடர் பார்த்து நம் கோர்ட்டைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். அங்கே உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள், ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கலாம். இங்கே உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 வயதில் ஓய்வு, உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட அட்டர்னி என்பவர் ஓட்டு வாங்கி ஜெயித்து வந்து குற்ற வழக்கு நடத்துகிறார். இங்கே அரசு வழக்கறிஞரை அரசுதான் நியமிக்கிறது. நாம் 'பவர் ஆஃப் அட்டர்னி' என்று சொல்லும் பவர் பத்திரத்துக்கும் அந்த அட்டர்னிக்கும் சம்பந்தமில்லை. ஜூரி முறை இங்கேயும் இருந்தது. 1959-ல் நடந்த பம்பாய் நானாவதி வழக்கில் ஜூரி விடுதலை என்று சொன்னதை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி என்பதே இல்லாமல் போய்விட்டது.

நம் கோர்ட்டு வார்த்தைகளில் பாதி அரபியும் பாரசீகமும். நாம் உட்கார்ந்திருக்கும் இந்த வட்டாரம் பழைய பாராமகால். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலவரி வேலை பார்த்தார்கள். ஆள் மாறினாலும் தாசில்தார், ஜமாபந்தி என்ற வார்த்தைகள் மாறவில்லை. முன்சீப் என்றால் நியாயம் செய்பவர். ஜாமீன் என்பது முதலில் ஒரு ஆளைக் குறித்த சொல்: "இவருக்கு நான் பொறுப்பு" என்று முன்னால் வந்து நிற்பவர். வாய்தா என்றால் வாக்குறுதி. வாக்குறுதி என்ற அர்த்தமுள்ள வார்த்தை தள்ளிவைப்பதற்குப் பெயரானது எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை, கோர்ட்டுப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

இப்போது எழுப்பிவிடுங்கள்.

சம்மன் என்றால், "உங்கள்மேல் ஒருவர் வழக்குப் போட்டிருக்கிறார், இந்தத் தேதியில் வந்து பதில் சொல்லுங்கள்" என்ற அழைப்பு. அவ்வளவுதான். நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று கோர்ட்டு சொல்லிவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. ஆனால் வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை நம் ஆட்களிடம் இருக்கிறது. என் சர்வீஸில் இதைப்போல மனிதர்களைக் கெடுத்த நம்பிக்கையை நான் பார்த்ததில்லை. பதிவுத் தபாலில் வந்ததை "வாங்க மறுத்தார்" என்று எழுதித் திருப்பினால், சட்டப்படி அது உங்களுக்குச் சேர்ந்துவிட்டதாகவே கொள்ளலாம். அமீனா கதவைத் தட்டும்போது உள்ளே சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாலும், கதவில் ஒட்டிவிட்டுப் போக வழி உண்டு. அப்புறம் கோர்ட்டில் டபேதார் உங்கள் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார். யாரும் இல்லையென்றால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை நீக்கக் கேட்டு மனுப் போடலாம், 30 நாட்களுக்குள். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் சொல்ல வேண்டும். ஆகவே சிவில் சம்மன் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வந்த தேதியை அதன்மேலேயே குறித்து வையுங்கள். எழுத்துப்பூர்வமான பதிலுரைக்கு 30 நாள், கோர்ட்டு அனுமதித்தால் 90 நாள் வரை.

நம் செக்யூரிட்டி தம்பிகளுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். "சார் ஊர்ல இல்ல" என்று அவர்களாகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

தடை உத்தரவு என்ற வார்த்தையும் ஆளை ஏமாற்றும். இடைக்காலத் தடை கிடைத்ததும் சிலர் ஸ்வீட் கொடுக்கிறார்கள். வழக்கு முடியும்வரை இருக்கிறபடி இருக்கட்டும் என்பதுதான் அது, ஜெயித்ததாக ஆகாது. எதிர்த்தரப்பு உங்களுக்குத் தெரியாமல் அப்படி ஒரு தடை வாங்கிவிடுமோ என்று பயமிருந்தால் முன்கூட்டியே கேவியட் மனு போட்டு வைக்கலாம். "என்னையும் கேட்டுவிட்டு உத்தரவு போடுங்கள்" என்று சொல்வது அது. 90 நாளுக்குச் செல்லும்.

'டிஜிட்டல் கைது' என்று ஒரு வார்த்தை இருப்பதாக யாராவது போனில் சொன்னால், அப்படி ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. வாரண்ட், சி.பி.ஐ., உச்ச நீதிமன்றம் என்று நிஜமான வார்த்தைகளோடு இதையும் கலந்து வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். எந்தக் கோர்ட்டும் வீடியோ காலில் கைது செய்யாது, ஜாமீனுக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. அழைப்பைத் துண்டித்துவிட்டு 1930-க்குப் பேசுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்கள் இதைக் கண்டிப்பாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி என்ற இரண்டு வார்த்தைகள். பேப்பரில் இரண்டையும் ஒன்றுபோல எழுதுகிறார்கள், நாமும் அப்படியே படிக்கிறோம். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் தூரம் போக வேண்டாம். வரும்போது அரூரைத் தாண்டி வந்தோமே, அந்த அரூரை அடுத்து, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சந்தனமரம் தேடுவதாகச் சொல்லி அந்தப் பழங்குடி கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அன்றைக்குக் 'கடத்தல்காரர்' என்ற வார்த்தை அந்த ஊர் மக்களின் தலையில்தான் இருந்தது.

புகாரை வழக்காக்கவே போராட வேண்டியிருந்தது. 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றப்பத்திரிகையில் 269 பேர், எல்லோரும் அரசு ஊழியர்கள். குற்றப்பத்திரிகை என்பது விசாரித்த அமைப்பு கோர்ட்டின் முன் வைக்கும் குற்றச்சாட்டு. அந்தக் கட்டத்தில் அந்த 269 பேரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டுமே. வழக்கு நடக்கும்போதே 54 பேர் இறந்துவிட்டார்கள். இறந்தவர்மேல் வழக்கு நிற்காது. மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வார்த்தை இடம் மாற 19 வருஷம் ஆனது.

அதோடு முடியவில்லை. மேல்முறையீடு என்று ஒரு கட்டம் உண்டு, அது தண்டிக்கப்பட்டவரின் உரிமை. அது நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைக்கலாம். வெளியில் நடமாடுவதைப் பார்த்துவிட்டு "விடுதலை ஆயிட்டாங்க போல" என்று ஊர் பேசும். இங்கே உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். அதே வருஷம் செப்டம்பர் 29-ல், கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு வந்த அதே தேதியில், மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து தண்டனையை உறுதி செய்தார். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்றத்தான் அந்தச் சோதனை நாடகம் நடந்தது என்றும் தீர்ப்பில் சொன்னார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு. 31 வருஷம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறிப் போய் நின்றவர்கள் அவர்கள்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் 15100 என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள். கேள்வி இருப்பவர்கள் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்கு வரலாம். கேஸ் கட்டோடு வருகிறவர்கள் மட்டும் உங்கள் வக்கீலைப் பாருங்கள், நான் ரிட்டையர்டு ஆள்.