பயிற்சிக்காக வெளியூர் செல்லும் பிள்ளைகள்



1922ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் எனும் இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று, மாதக்கணக்கில் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். அறியாத ஊர், அறியாத மொழி. 1923இல் திரும்பி வந்து அவர்கள் தொடங்கிய தொழிலே பின்னர் பட்டாசுக்கும் வழி திறந்தது. வானம் பார்த்த இவ்வட்டாரத்திற்குச் சோறிட்டது.

இன்றோ வேலைப் பயிற்சிக்குப் பெங்களூருக்கு அனுப்பவே பெற்றோர் சிலர் தயங்குகின்றனர். "அங்கே எதையெதையோ பழகிவிடுவான்" என்கின்றனர். பழக்கமில்லாதது வேறு, ஹராம் வேறு. நபி (ஸல்) அவர்கள் முன் சுட்ட உடும்பு வைக்கப்பட்டது. அது இன்னதென்று அறிந்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள். "ஹராமா?" என வினவினார் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள். இல்லை, தம் சமூகத்தாரின் பூமியில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் (ரலி) அவர்கள் உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி இது. (உடும்பு குறித்த மத்ஹபுகளின் கருத்து வேறுபாடு இங்கு நம் பேச்சன்று.)

ஆகவே மதுவையும் வட்டியையும் பெயர் சொல்லி எச்சரியுங்கள். சப்பாத்தியையும் கன்னடத்தையும் அல்ல. ஜும்ஆவுக்கு அனுமதி உண்டா என்பதைப் பயிற்சியில் சேருமுன்பே கேட்டறியுங்கள். அருகிலுள்ள பள்ளிவாசல் எதுவென்று, போய்ச் சேர்ந்த அன்றே விசாரிக்கச் சொல்லுங்கள்.